பன்னிரண்டு ஆண்டு ராணுவத்தில் இருந்த தாத்தாவுக்கு பென்சன் உண்டா?

பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா 1967இல் ராணுவத்தில் சேர்ந்து 1979இல் வெளியே வந்தவர். ரேஞ்சர் படை. வட பேராக்கில் உள்ள கிரிக் காட்டில் காலில் அடிபட்டு, இன்றுவரை நொண்டித்தான் நடக்கிறார். ராணுவத்தை விட்ட பிறகு பால்மரம் சீவினார், அப்புறம் பல வருடம் ஜாகா வேலை, அதாவது காவலாளி. இப்போது வயது 80ஐத் தொடுகிறது. பென்சன் என்று ஒரு காசு வந்ததில்லை. ஆனால் அவரோடு ஒரே முகாமில் இருந்த மலாய்க்காரர் ஒருவர் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மாதாமாதம் பென்சன் வாங்குகிறார். "தாத்தாவுக்கு மட்டும் ஏன் இல்லை? இனிமேலாவது கிடைக்குமா? எங்கே போய்க் கேட்பது?" என்பது தம்பியின் கேள்வி.

நான் ராணுவத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்னாள் வீரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை, சம்பளம் இல்லாத வேலை. இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதம் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மலேசிய ராணுவத்தில் அதிகாரி அல்லாத சாதாரண வீரருக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 21 ஆண்டு சேவை முடித்திருக்க வேண்டும். தாத்தா முடித்தது 12. சேவைக்கால ஓய்வூதியம் என்ற வாசலில் அவருக்கு இடமில்லை. எத்தனை மனு எழுதினாலும், எந்த ஒய்.பி.யை (மக்கள் பிரதிநிதியை) போய்ப் பார்த்தாலும் அந்தக் கணக்கு மாறாது. "நான் வாங்கித் தருகிறேன், முன்பணமாக இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இந்த மாதிரி ஆட்களிடம் பணம் கொடுத்து ஏமாந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள்தான், ஏனென்றால் அவர்களுக்கு ஆசையும் அதிகம், விசாரிக்க ஆளும் குறைவு.

பக்கத்துத் தாமான் மலாய்க்காரர் 21 ஆண்டு முடித்தவராக இருப்பார். இதில் இனம் பார்த்த கணக்கு இல்லை. 10 ஆண்டும் 15 ஆண்டும் முடித்துவிட்டு பென்சன் இல்லாமல் வந்த மலாய் வீரர்கள் கம்பம் கம்பமாக, கிராமம் கிராமமாக இருக்கிறார்கள். பென்சன் இல்லாதவர்களில் அவர்கள்தான் அதிகம். தாத்தாவின் வருத்தம் நியாயமானது. அதை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் கோபமாகத் திருப்ப வேண்டாம். சொல்லப்போனால், தாத்தாவுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆள் அவர்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் நம் தோட்டத்துப் பையன்கள் ஏன் 21 ஆண்டு முடிக்காமல் திரும்பினார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. அன்றைக்கு லயத்து வீடு, வேலை செய்கிறவருக்குத்தான். அப்பா இறந்துவிட்டார், அல்லது வயதாகி வேலையை விட்டுவிட்டார் என்றால், அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் பேர் செக்ரோல் என்ற தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அம்மாவும் தங்கச்சிகளும் தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்று, ராணுவத்தில் நல்லபடியாக இருந்த மகன் ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்காமல் ஊருக்கு வந்து பால்வாளியைத் தூக்கினான். அந்தக் காலத்தில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டும் இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கினார். விற்கிற தோட்டத்தில் குடும்பம் இருந்தால் மகனுக்கு முகாமில் தூக்கம் வருமா? 12 ஆண்டில் வந்தவர்களைப் பார்த்து "இன்னும் ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே" என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. தாத்தாவிடம் தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்பதும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரச மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டும்தான் சேரலாம். நம்மவர்கள் போனதெல்லாம் ரேஞ்சர், சிக்னல், இன்ஜினியர், போக்குவரத்து, பீரங்கி, கவசப் படை இப்படி. 1968 ஜூன் 17ஆம் தேதி தாய்லாந்து எல்லைப் பக்கம் குரோ, பெத்தோங் சாலையில் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து தாக்கி 17 பாதுகாப்புப் படையினரைக் கொன்றார்கள். இரண்டாம் கட்டச் சண்டை அன்றுதான் தொடங்கியது. முடிந்தது 1989 டிசம்பர் 2, ஹாட்யாய் ஒப்பந்தத்தில். அந்த 21 ஆண்டுகளில் சுமார் 11 ஆண்டு தாத்தா சீருடையில் இருந்திருக்கிறார். கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1970இல் தொடங்கிய அந்தச் சாலை 1982இல்தான் திறந்தது. சாலை போடுகிறவர்களுக்குக் காவலாகக் காட்டுக்குள் போன வீரர்கள் பயந்தது துப்பாக்கிக்கு இல்லை, மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிக்கு. மலாயில் ஜெரங்காப் சமார் என்பார்கள். கால் போனவர்கள், பாதி பாதம் போனவர்கள், இரும்புத் துண்டு உள்ளேயே இருக்கிறவர்கள் என்று அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். இன்றைக்கு அந்தச் சாலையில் காரில் கிளந்தானுக்குப் போகிறவர்களுக்கு இது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 12 ஆண்டு அல்ல, அந்த நொண்டிக் கால்.

ராணுவத்தில் ஓய்வூதியம் என்பது ஒரே வாசல் இல்லை. சேவைக்காலத்துக்கு ஒன்று. சேவையில் இருந்தபோது, சேவையின் காரணமாக உடல் ஊனமுற்று அதனால் வெளியேற்றப்பட்டவருக்கு இன்னொன்று. அது ஊன ஓய்வூதியம். இதற்கு 21 ஆண்டு கணக்கு கிடையாது. அப்படி வெளியேறுகிறவரை மருத்துவக் குழு பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதும். அதை வைத்துத்தான் தொகை. ஆகவே தாத்தாவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வருஷம் இருந்தீங்க?" இல்லை. "எதனால வெளியே வந்தீங்க?"

அவர் சொல்வது ஒன்றாக இருக்கும், தாளில் இருப்பது ஒன்றாக இருக்கும். அதனால் தாளைப் பார்க்க வேண்டும். வெளியேறும்போது ஒவ்வொரு வீரருக்கும் சேவை முடிந்ததற்கான சான்றிதழ் கொடுப்பார்கள். பேர், ராணுவ எண், படை, சேர்ந்த தேதி, விட்ட தேதி, நடத்தை, வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். நடுவில் வெளியேறிய காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான தாள்களில் 'தாமாட்' என்று இருக்கும், அதாவது ஒப்பந்தக் காலம் முடிந்தது. அப்படி இருந்தால் காலில் அடிபட்டது உண்மையாகவே இருந்தாலும், தாளின்படி அவர் காலம் முடிந்து போனவர். மருத்துவக் காரணம் என்று இருந்தால் கதையே வேறு. அப்படி எழுதியிருந்தும் எதுவும் வாங்காமல் போனவர் என்றால், உடனே எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். சான்றிதழை நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துவிட்டது. அழிந்தது சரியாக அந்தக் காரணக் கட்டம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது முதல் எழுத்துகள் மட்டும் லேசாகத் தெரிந்தன, அது 'தாமாட்' இல்லை. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் மூலையில் ராணுவ எண் பளிச்சென்று இருந்தது. அது போதும். அந்த எண்ணை வைத்து ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் அவருடைய சேவைக் கோப்பிலிருந்து விவரம் கேட்கலாம். தாளே தொலைந்துவிட்டது என்கிறவர்களுக்கும் இதுதான் வழி: எண் வேண்டும். ராணுவத்தில் இருந்தவர் மனைவி பேரை மறந்தாலும் மறப்பார், அந்த எண்ணை மறக்க மாட்டார். ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். 80 வயதில் நினைவு எப்போது தடுமாறும் என்று சொல்ல முடியாது.

காயத்தைப் பற்றிக் கேட்கும்போது தேதியும் இடமும் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஆபரேஷன், யார் தூக்கி வந்தது, ஹெலிகாப்டரில் எங்கே கொண்டுபோனார்கள், எந்த மருத்துவமனையில் எத்தனை நாள். கோலாலம்பூர் கின்ராராவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தேன் என்று சொன்னால், கோப்பில் அதற்கான பதிவைத் தேடச் சொல்லலாம். அவரோடு இருந்தவர் இப்போது உயிரோடு இருந்தால், அவர்தான் நான் சொன்ன சாட்சி. பக்கத்துத் தாமான் பாக்சிக்கிடம் (அந்த மலாய்ப் பெரியவரிடம்) போய், சத்தியப் பிரமாணத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சத்தியப் பிரமாண ஆணையர்கள் எல்லாப் பட்டணத்திலும் இருக்கிறார்கள், செலவு சொற்பம். நாற்பது வருடம் கழித்து எழுப்புகிற ஊனக் கோரிக்கை சுலபமானது இல்லை. இப்போதைய நொண்டல் அன்றைய காயத்தால்தான், வயதால் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெளிநோயாளிக் கட்டணம் சொற்பம்தான். உடம்பில் இருக்கும் இரும்பைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

இன்னொரு விஷயம், எல்.டி.ஏ.டி. என்ற ராணுவச் சேமநிதி. அது 1972இல் வந்தது. சாதாரண வீரர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசாங்கமும் தன் பங்கைப் போடும். பென்சன் இல்லாமல் போகிறவருக்கு அவருடைய பங்கும் அரசாங்கப் பங்கும் சேர்த்துக் கிடைக்கும். தாத்தா 1967இல் சேர்ந்ததால் முதல் ஐந்து ஆண்டு சேவைக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்போது அந்த நிதியே இல்லை. 1972க்குப் பிறகு வெளியே வரும்வரைக்குமான பணத்தை அவர் அப்போதே வாங்கியிருப்பார். பெரும்பாலானவர்கள் வாங்கி, தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கூரை என்று செலவழித்துவிட்டார்கள். ஆனால் வாங்காமலே விட்டவர்களும் உண்டு. அடையாள அட்டை, ராணுவ எண் இரண்டையும் கொடுத்து, பேரில் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பென்சன் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்து எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இதுதான். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் துணிந்து பட்டணத்துக்குப் போய் ஒரு கவுண்டரில் நிற்பார். "பென்சன் உண்டா?" என்று கேட்பார். "21 வருஷம் இல்லையா, அப்படின்னா இல்லை" என்று பதில் வரும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார், அதோடு சரி, மறுபடி அந்தப் பக்கமே போக மாட்டார். பென்சன் இல்லாத வீரருக்கு வேறு என்ன உதவி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கேட்க வேண்டிய இடம் ஜே.எச்.இ.வி. என்கிற முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, தற்காப்பு அமைச்சின் கீழ் இருப்பது. முன்னாள் வீரர்களுக்கென்று 2012இல் தனிச் சட்டமே வந்தது, 740ஆவது சட்டம். முதலில் தாத்தாவை முன்னாள் வீரர் என்று அங்கே பதிந்து அட்டை வாங்குங்கள். அட்டை இல்லாமல் எதுவும் நகராது. பென்சன் பெறாத, வருமானம் குறைந்த வீரர்களுக்கு மாதாந்திர வாழ்க்கைச் செலவு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. வீட்டு வருமானத்தைப் பார்ப்பார்கள், நல்ல நடத்தையோடு வெளியேறியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். தொகை அவ்வப்போது மாறும். பென்சன் அளவுக்கு வராது, ஆனால் மாதாமாதம் வரும். சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்ற கருவிகளுக்கும் மனு செய்யலாம். பட்ஜெட் சமயத்தில் முன்னாள் வீரர்களுக்கு ஒருமுறை உதவி என்று அறிவிப்பு வந்தால், அதுவும் பதிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைக்குப் போங்கள். கிளையில் தமிழ் பேசுகிறவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய சிப்பாய் என்று தெரிந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் ஓட நாளாகும். அதுவரைக்கும் சமூக நலத்துறையில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போடலாம். 60 வயதுக்கு மேல், ஆதரவும் வருமானமும் இல்லாதவர்களுக்கு. 2021இல் மாதம் 500 வெள்ளியாக்கினார்கள், 2025இலிருந்து 600. இது ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத உதவி, எந்த முதியவரும் கேட்கலாம். மனுவில் வேறு உதவித்தொகை வாங்குகிறாரா என்ற கேள்வி இருக்கும். உள்ளதை எழுதுங்கள், மறைத்தால் பிறகு இரண்டும் நின்றுவிடும்.

தாத்தா ஜாகாவாக இருந்த காலத்து இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கையும் பாருங்கள். சின்னச் சின்ன செக்யூரிட்டி கம்பெனிகள் மாறி மாறி வேலை செய்தவர்களுக்கு, சில மாதங்களுக்குப் பணம் கட்டினார்களா இல்லையா என்பதே தெரியாது. ஐ.சி. என்கிற அடையாள அட்டையோடு கவுண்டருக்குப் போனால் சொல்லிவிடுவார்கள்.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பாட்டி. தாத்தாவுக்கு ஊன ஓய்வூதியமோ, ஏதாவது ஒரு பாக்கியோ பிற்பாடு கிடைத்தால், அவருக்குப் பிறகு அதில் உரிமை கோரப்போவது பாட்டிதான். அப்போது முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், கங்காணி சாட்சி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சாட்சி, ஊரே சாப்பிட்டது. ஆனால் தாள்? நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1976இல் நிறைவேறி 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் நம் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதை விரும்பினால் இப்போதும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு கோயிலில் மட்டும் கட்டிக்கொண்டு பதியாமல் விட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. தாத்தா பாட்டி கல்யாணம் 1982க்கு முன்னாலா என்று பாருங்கள். முன்னால் என்றால், இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பதிந்து வாங்கிவிடுங்கள். ஒருவர் போன பிறகு, தான் இன்னாருடைய மனைவிதான் என்று நிரூபிக்க ஒரு கிழவி சாட்சி தேடி அலைவதைப் பார்க்கக் கொடுமையாக இருக்கும்.

பேரின் எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். முனியாண்டி, பெருமாள், வீராசாமி என்று எந்தப் பேராக இருந்தாலும், ரோமன் எழுத்தில் ராணுவத் தாளில் ஒரு மாதிரியும் ஐ.சி.யில் ஒரு மாதிரியும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார், ராணுவ கிராணி தனக்குத் தெரிந்தபடி எழுதினார். ஒரே எழுத்து வித்தியாசத்துக்காக கோப்பு மாதக்கணக்கில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பேரும் ஒரே ஆளுக்குரியதுதான் என்று ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி முதல் மனுவோடேயே சேர்த்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்க தாத்தாவும் பட்டாளத்துல இருந்தாரு" என்று சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் எந்தப் பட்டாளம் என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கே போனாலும் வாசல் திறக்காது. சுங்கை சிப்புட்டில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அவசரகாலம் தொடங்கியதே இங்கேதான். 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜர் வாக்கரைச் சுட்டார்கள், அதே காலையில் பக்கத்து இன்னொரு தோட்டத்தில் வேறு இரண்டு பேரைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று ஆட்களை எடுத்தார்கள், உச்சத்தில் ஏறக்குறைய 40,000 பேர். நம் தோட்டத்துப் பையன்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். ஆனால் அது போலீஸ், ராணுவம் இல்லை. அவர்களுக்கு ராணுவ அலுவலகத்தில் கோப்பு இருக்காது. முன்னாள் போலீஸ் சங்கத்தைத்தான் கேட்க வேண்டும். அதேபோல் அலமாரியில் இருக்கும் சீருடைப் படம் ரேலாவாகவும் இருக்கலாம். ரேலா 1972இல் தொடங்கிய தொண்டர் படை, அதற்கும் ராணுவ பென்சனுக்கும் சம்பந்தம் கிடையாது.

கொள்ளுத் தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்று சொல்கிற குடும்பங்களும் உண்டு. பொய் இல்லை. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் திரண்டு போனார்கள். இந்திய அரசு 1972இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குக் கொண்டுவந்த ஓய்வூதியத்தில் இந்திய தேசிய ராணுவமும் சேர்ந்தது. ஆனால் அந்தத் திட்டம் சிறைவாசத்தைக் கணக்கில் வைத்தது, பொதுவாக ஆறு மாதம் உள்ளே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். 1945இல் படை கலைந்ததும் நடந்தே ஊர் வந்து, சீருடையை எரித்துவிட்டு, மறுநாள் பிரட்டுக்கு (காலை வேலை அணிவகுப்புக்கு) போன தோட்டக்காரரிடம் ஆதாரம் எங்கே இருக்கும்? பிரிட்டிஷ்காரனுக்குப் பயந்து அவரே அல்லவா அழித்தார். இந்தத் தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. அவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள். அதைவிட அவசரமாக, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள்.

மறுபடி தாத்தாவுக்கு வருகிறேன். ஒரு தடை உங்களுக்கு வரும், அதற்குத் தயாராக இருங்கள். அவரே வேண்டாம் என்பார். "இத்தனை வருஷம் கேட்காததை இப்போ போய்ப் பிச்சை கேட்கவா?" என்பார். எனக்குத் தெரிந்த பெரும்பாலான பழைய வீரர்கள் அப்படித்தான். தோட்டத்தில் கிராணி முன்னால் கைகட்டி நின்ற தகப்பனின் பிள்ளைகள் அவர்கள். போர்ட்டிக்சன் பயிற்சி முகாமில்தான் முதல்முறையாக நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த நிமிர்வை விட்டுக்கொடுக்க மனம் வராது. இது பிச்சை இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள், ஆனால் வாதம் செய்யாதீர்கள். பாட்டியின் பேரைச் சொல்லுங்கள். "உங்களுக்கு வேண்டாம் தாத்தா, பாட்டிக்கு வேணும்" என்றால் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அலுவலகத்துக்கு அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகாதீர்கள். ஆளும் வேண்டும், கைரேகையும் வேண்டும், அதோடு கோப்பில் இல்லாத ஒரு விவரத்தை அந்த அதிகாரி கேட்கும்போது பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஜூலை 31 வீரர் தினம் நெருங்கும் வாரங்களில் அங்கே கூட்டமும் விழா ஏற்பாடும் அதிகமாக இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். சான்றிதழின் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். அசலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் தேதி முத்திரை போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மூன்று மாதத்தில் பதில் இல்லை என்றால் அந்த நகலோடு திரும்பப் போய் நில்லுங்கள்.

சான்றிதழின் காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள் தம்பி. ராணுவ எண்ணை யாருக்கும் பொதுவில் சொல்ல வேண்டாம், அந்தக் காரணம் மட்டும் போதும். அதைப் பார்த்துவிட்டு, முதல் மனு எந்த இடத்துக்குப் போக வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.